வெள்ளைக் கோட்டோடு வரிசையில்

மருத்துவ மாணவி நிலோஃபருக்கு விடியும்வரை கைபேசிதான். நிறுத்த நினைத்தாலும் விரல் கேட்காது. முதலில் தூக்கம் போனது. பிறகு அழுகைகூட வராமல் போனது. ஒருநாள் காலை தன் கல்லூரி மருத்துவமனையிலேயே சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு வரிசையில் போய் உட்கார்ந்தாள். மாணவர்கள் சூழ அந்த வழியே வந்த பேராசிரியர் நின்றார்.

“இங்க என்னம்மா பண்றே?”

“எனக்குத்தான் காட்ட வந்திருக்கேன் சார்.”

“அந்தக் கோட்டயாச்சும் கழட்டிட்டு உக்காரு. ஜனங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும் சார்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலம் என் ரூமுக்கு வா. யாருக்கும் தெரியாமப் பாத்துக்கலாம்.”

“தெரியாம வச்சிருந்துதான் சார் இவ்வளவு முத்திப்போச்சு.”

அவர் விறுவிறுவென்று நடந்தார். பின்னால் போன மாணவர்களில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து, கோட்டைக் கழற்றாமலே அவளருகில் உட்கார்ந்தான்.