ஒரு முடி நாத்து

"எம்பொண்ணை நடவு நட விடத்தான் பள்ளிக்கூடம் வச்சிருக்கீங்களா டீச்சரம்மா?"

வாசற்படியில் நின்றே கேட்டாள் அம்சவல்லி. முழங்காலுக்கு மேல் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. சம்பா நடவு. கஞ்சி குடிக்க விட்ட நேரத்தில், குடிக்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

ஹபீபுன்னிசா டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. எல்லாம் கொல்லைப் பக்கம்.

"உள்ள வாங்கம்மா. முதல்ல உக்காருங்க."

"இந்தச் சேத்தோட எங்க உக்கார? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நேத்து செவ்வந்தி வந்து, 'அம்மா, டீச்சர் ஒரு முடி நாத்து கொண்டாரச் சொன்னாங்க, நாளைக்கு நடவு பாடம்'ங்கறா."

"கொண்டு வரலைன்னு நான் ஒண்ணும் சொல்லலையே."

"எப்படிங்க கொண்டாறது? கைப்பிடிக் கட்டுதான்னாலும், ஒரு முடி நாத்துல கை வச்சா, வரப்புல நின்னு வேலை வாங்குற காரியக்காரர் மருதையன் என்னைத் திருடின்னு ஊர் பூரா தண்டோரா போட மாட்டாரா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அம்சவல்லிக்கு வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள்.

"எங்கம்மா நட்டா. நான் நடறேன். இவளை ஒரு நாள்கூட சேத்துல கால் வைக்க விட்டதில்லை. கைக்குழந்தையா இருந்தப்பவே வரப்புலதான் கிடத்தி வச்சேன். போன வருஷம் கூலித் தகராறுல எங்க தெருவுல ரெண்டு மாசம் அடுப்பு எரியலை. அப்பக்கூட இவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தலை. இங்க நீங்க குனிய வைக்கிறீங்க. போதும்மா. இப்பவே கூட்டிட்டுப் போறேன். நாளைலேந்து வர மாட்டா."

"எழுத்து, கணக்கு எல்லாம் ஒழுங்கா நடக்குதும்மா. இது செஞ்சு பார்த்துப் படிக்கிற பாடம்."

"பத்து வயசுலேந்து நாங்களும் செஞ்சு பாத்துக்கிட்டுதான் இருக்கோம். ஒண்ணும் படிப்பு வரலையே!"

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். இதே பாடத்துக்காகக் காலையில் ஹெட்மாஸ்டரிடம் அரை மணி நேரம் நின்றிருக்கிறார்.

"நாத்தை நெருக்கி நட்டா நல்லா விளையுமா, எடம் விட்டு நட்டா நல்லா விளையுமா? இதைக் கேட்டது யாரு தெரியுமா? உங்க பொண்ணுதான். எனக்கும் தெரியாது, நட்டுத்தான் பார்க்கணும்னேன். ஒரு நிமிஷம் வந்து பாருங்க. அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

கொல்லையில் வாய்க்காலை ஒட்டி ரெண்டு பாய் அகலத்துக்கு ஒரு சின்ன வயல். சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு இவர்கள் வந்தது தெரியவில்லை.

சேற்றில் குனிந்திருந்தது செவ்வந்தி இல்லை. மிராசுதார் ரெங்கசாமியின் மகன் தியாகேசன். அம்சவல்லி விடிந்ததிலிருந்து நட்டுக்கொண்டிருப்பதே அவர்கள் வயலில்தான்.

செவ்வந்தி வரப்பில் நின்றாள். பாவாடையில் ஒரு பொட்டு சேறு கிடையாது. கையில் நோட்டு, பென்சில், அடிஸ்கேல்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நாத்து அவன் வீட்டுது. நான் நடறேன்னு குதிச்சதும் அவன்தான். அளந்து எழுதறது உங்க பொண்ணு. இவன் சேத்துல எறங்கினது இவன் அப்பாவுக்குத் தெரிஞ்சா எனக்கு வேற ஊருக்கு மாத்தல்தான்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார்."

செவ்வந்தி உட்கார்ந்து ரெண்டு நாற்றுக்கு நடுவே ஸ்கேலை வைத்தாள். நோட்டில் என்னவோ எழுதினாள்.

"அது என்னங்க எழுதறா?"

"ஆறு அங்குலம்னு எழுதறா."

அம்சவல்லி சேறு அப்பிய கையை அப்படியே கூப்பினாள். "மாரியாத்தா, இதைப் பார்க்கத்தான் என்னை இம்புட்டு தூரம் நடக்க வச்சியா?"

அப்போது செவ்வந்தியின் குரல் கேட்டது.

"என்னடா நிமிர்ற? குனி!"

"இடுப்பு வலிக்குது செவ்வந்தி. கொஞ்சம் நிமிர்ந்துக்கறேன்."

"நிமிர்ந்து யாரைப் பார்க்கப் போற? சோறு தின்னுட்டுதானே வந்தே? வரிசை முடியாம கரையேறக் கூடாது. ம், கை ஓடட்டும்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார்.

"எப்படி வேலை வாங்கறா பார்த்தீங்களா!"

அம்சவல்லி சிரிக்கவில்லை. கூப்பிய கை தானாகக் கீழே இறங்கியது. இன்று காலையில் மருதையன் அவளைப் பார்த்துச் சொன்னதும் இதேதான். ஒரு சொல் மாறவில்லை.

"வரப்புலயே வச்சு வளர்த்தேன்ல..." என்றாள், யாரிடமும் இல்லாமல். "அங்க நிக்கிறவர் பேச்சுத்தானே காதுல விழுந்திருக்கும்."

பையன் மறுபடி குனிந்துவிட்டான். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

"டீச்சரம்மா."

"என்னம்மா, கூட்டிட்டுப் போறீங்களா?"

"இல்லீங்க. அந்தப் புள்ளைய மேல ஏத்தி நோட்டை அவன்கிட்ட குடுங்க. எம்பொண்ணு எறங்கி ஒரே ஒரு வரிசை நட்டுட்டு வந்து எழுதட்டும்."