சத்தம் போடும் சக்கரம்

தைச்சுங் நகரில் இருந்த லியாவின் சக்கரக் கடைக்குச் சுழல் நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள் பெய்லிங்.

"ஆபீஸ்ல டைல்ஸ் தரைன்னா ரப்பர் சக்கரம் போடும்மா. சத்தமே வராது," என்றார் கடைக்காரர் லியா.

"வேண்டாம் அண்ணே. இருக்கறதுலயே அதிகமா சத்தம் போடறதைக் குடுங்க."

லியாவுக்குப் புரிந்துவிட்டது. "மேனேஜர் நாற்காலியா?"

"ஆமா அண்ணே."

"சத்தமில்லாம உருண்டு வந்து ஆளுங்களைக் கையும் களவுமாப் பிடிக்கிற ரகமா? இரு, வழி பண்றேன்."

கெட்டியான நைலான் சக்கரங்களை மாட்டி உருட்டிக் காட்டினார். கடகடவென்ற சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"இனிமே மேனேஜர் கிளம்பினாலே தெரிஞ்சிடும். நீங்க எல்லாரும் ஜாலியா அரட்டை அடிக்கலாம்!"

"நான்தான் அண்ணே மேனேஜர். சுத்திச் சுத்தி வந்து எல்லாரையும் மேய்ச்சு அலுத்துப்போச்சு. இனிமே என் ரூமுக்குள்ளயே ஒரு உருட்டு உருட்டினாப் போதும், அத்தனை பேரும் வேலை பார்ப்பாங்க. நான் நிம்மதியாத் தூங்குவேன்."