இரண்டாயிரம் ஓட்டாஞ்சில்லு

யூக்தெமோனுக்குத் தூக்கம் போய் எட்டு நாளாகிவிட்டது. காரணம், பிலாகோஸ்.

போன சபைக் கூட்டத்தில் பிலாகோஸ் மேடையேறி, "சிசிலிக்குப் படை நடத்திப் போக யூக்தெமோனை விட்டால் ஏதென்ஸில் வேறு வீரன் ஏது?" என்று முழங்கினான். கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிவிட்டது. யூக்தெமோனுக்கோ படகைப் பார்த்தாலே வாந்தி. சிசிலிக்குப் போன கடைசி மூன்று தளபதிகளும் சாம்பலாகத்தான் திரும்பினார்கள், அதுவும் ஒரே ஜாடியில். போகமாட்டேன் என்றால் கோழை என்று வழக்குப் போட்டு, குடியுரிமையைப் பிடுங்கிவிடுவார்கள்.

கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மாதம். நல்லவேளையாக, அதற்குள் நாடுகடத்தும் வாக்கெடுப்பு வந்தது. ஊருக்கு ஆகாதவன் பெயரை ஓட்டாஞ்சில்லில் கீறிப் போட வேண்டியது. அதிகச் சில்லு வாங்கியவன் பத்து வருடம் ஏதென்ஸ் பக்கம் தலைகாட்டக் கூடாது.

யூக்தெமோன் நேராகக் குயவன் ஸ்மிக்ரோனிடம் போய், பெயர் கீறிய சில்லு ஒன்றை நீட்டினான்.

"இதே மாதிரி ரெண்டாயிரம் வேணும்."

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே ஐயா."

"அதனாலதான் உன்கிட்ட வந்தேன். பானையில கொடி போடுறியே, அப்படிப் பார்த்துக் கீறு."

ஸ்மிக்ரோன் கண்ணைச் சிமிட்டினான். "உங்களைக் கப்பலேத்தின மகராசன்தானே?"

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. மாட்டினா ரெண்டு பேரும் காலி."

வாக்கெடுப்பு அன்று காலை, சந்தைத் திடலின் வாசல்களில் யூக்தெமோனும் அவன் ஆட்களும் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளாகப் பார்த்து, ஆளுக்கொரு சில்லும் ஒரு கைப்பிடி அத்திப்பழமும் கொடுத்தார்கள். சிலர் வரிசையில் இரண்டாம் தடவையும் வந்து நின்றார்கள். மக்களாட்சி மேல் அவ்வளவு பற்று.

"இது யாரு பேருய்யா, பிலாகோஸா?" என்றார் ஒரு பெரியவர்.

யூக்தெமோன் பெருமூச்சு விட்டான். "அதை வேற என் வாயால சொல்லணுமா, பெரியவரே?"

"புரியுது, புரியுது. அந்தப் பய எங்கயாவது போய்க் கழுதை மேய்க்கட்டும்!" கீறிய பக்கத்தை உள்ளங்கையில் மறைத்தபடி அவர் உள்ளே போனார்.

எண்ணி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. அத்திப்பழ விஷயம் காதுக்கு எட்டியிருந்ததால் பிலாகோஸுக்கு வியர்த்துக் கொட்டியது.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். "அதிகச் சில்லு வாங்கியவர் யூக்தெமோன்! பத்து நாளில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும்!"

ஸ்மிக்ரோன் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். "ஐயா! நான் ஒரு முண்டம், எங்கயோ தப்பாக் கீறித் தொலைச்சிட்டேன் போல! உங்க பேரா ஆயிப்போச்சே!"

யூக்தெமோன் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு, ஊரே பார்க்கக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

போர்வைக்குள்ளிருந்து மெல்லிய குரல் மட்டும் வந்தது: "ஒரு எழுத்துகூடப் பிசகலடா. வீடு, நிலம் எதையும் தொடமாட்டாங்க, தெசாலியில மச்சான் மாடி அறையைக் கூட்டி வச்சிட்டான். கப்பலுக்குத்தான் இனி வேற வீரன் பார்க்கணும், பிலாகோஸ் சும்மாத்தானே இருக்கான்?"