பேத்திக்கு ஒரு கெம்பஸ்

"இந்தக் காலத்துல ஆர நம்புற? மொளகு கொண்டு வாறவன் தண்ணி தெளிச்சிக் கொண்டு வாறான். படிப்பு விக்கிறவன் மட்டும் ஒழுங்கா ஈப்பானா?"

கண்டி நகரில், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அலுவலகப் படிகளில் ஏறும்போதே லாபிர் இரைந்தார். கலகெதரயில் மிளகு, கராம்பு வாங்கி விற்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர்.

"மெதுவாப் பேசுங்க வாப்பா, உள்ளுக்குக் கேக்கும்" என்றாள் கூட வந்த கடைசி மகள் ரிஸ்னா.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் எழுந்து இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டான்.

"வாங்க ஹாஜியார். நான் ஸாகி. பிள்ளைகளச் சேக்கிற வேலயெல்லாம் நான்தான் பாக்கிற."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகல்ல. வாய் தொறந்ததும் ஒரு பொய்!"

ஸாகி சிரித்துவிட்டான். லாபிர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏன்ட பேத்தி ஷஹ்மா. அவள அரசாங்கக் கெம்பஸுக்கு அனுப்பவா, ஒங்கட எடத்துக்கு அனுப்பவா? அதச் செல்லுங்க."

"அரசாங்கக் கெம்பஸ் கெடச்சா அங்கேயே அனுப்புங்க."

லாபிருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அவர் விடவில்லை.

"அங்க ராகிங், ஸ்ட்ரைக்குன்னு செல்றாங்க. ஒங்கட எடத்துல நேரத்துக்குப் படிப்பு முடியுமாமே? ஒரு காணி ஈக்கி. வித்துக் கட்டுறன்."

"காணிய விக்காதீங்க. ஸ்ட்ரைக் வந்தா படிப்புக் கொஞ்சம் பிந்தும். வித்த காணி திரும்பி வராது. அங்க கெடைக்காட்டி மட்டும் எங்கள்ட்ட வாங்க."

"இப்பிடிச் செல்லத்தானா ஒங்களுக்குச் சம்பளம் தாராங்க?"

"எங்கட மெனேஜரும் அதத்தான் கேக்கிற."

"நீங்க எங்க படிச்ச?"

"அரசாங்கக் கெம்பஸ்லதான்."

"ஒரு கெழவன் வந்து இப்பிடிக் கொடயிறன். கோபம் வராதா?"

"வரும். ஒரு பிளேன் டீ குடிச்சாச் செரியாப் போகும்."

ரிஸ்னா தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினாள்.

"அது சரி, பேத்திக்கு எனத்துல விருப்பம்?" என்று கேட்டான் ஸாகி.

லாபிர் திருதிருவென்று விழித்தார். ரிஸ்னா முந்திக்கொண்டாள். "படம் கீறுறதுல."

"அப்ப அவவையே கேட்டு முடிவெடுங்க. படிக்கப் போறது நீங்க இல்லயே."

லாபிர் விருட்டென்று எழுந்தார். படியிறங்கித் தெருவுக்கு வந்தபிறகும் அவருக்கு ஆறவில்லை.

"சொந்தக் கடைச் சாமானையே வாங்க வேணாம்னு செல்றான். இவன்ட வேல எத்தன நாளைக்கு நிக்கும்? வேல போனா வீட்டுல அடுப்பு எரியுமா?"

"போதும் வாப்பா. நேசரிக்குப் போற நாலு வயசுப் பிள்ளைக்குக் கெம்பஸ் தேடினது போதும். எனக்கு இந்த மாப்பிள்ளையப் புடிச்சிரிக்கி, கலியாணப் புரோக்கர் றவூப் நானாக்குக் கோல் எடுத்து ஓம்னு செல்லுங்க."

"மொதல்ல ஒன்ட மச்சான் முனாபையும் ஒருக்கா இவன்ட்ட அனுப்பிப் பாப்பம்" என்று முணுமுணுத்தபடி லாபிர் பஸ் நிலையத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.