அம்மா பார்க்கும் இடம்

அம்மா மறுபடியும் வலப்பக்கம் பார்த்தாள்.

மகள் படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினாள். லேப்டாப் திரையில் அம்மாவின் விரல்கள் பீடி இலையில் தூளை வைக்கின்றன, சுருட்டுகின்றன, நூலைக் கட்டுகின்றன. தலை நிமிர்கிறது. வலப்பக்கம். பிறகு அடுத்த இலை.

ஆறு நிமிடப் படத்தில் பதினான்கு முறை.

எடுத்தபோதும் அவள் கவனிக்கவில்லை. வெட்டி ஒட்டியபோதும் கவனிக்கவில்லை. கல்லூரியில் விஜிலா மேடம்தான் பார்த்துவிட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். 'கைகள் அருமை. ஆனால் அம்மா ஏன் அடிக்கடி அந்தப் பக்கம் பார்க்கிறார்? அங்கே யார்? கவனம் சிதறுகிறது. திரும்ப எடுக்கவும்.'

அங்கே யாரும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே வெறும் சுவர்.

பார்வை ஜன்னலுக்குப் போகவில்லை. தாழ்வாக நின்றது. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் முகம் வரும் உயரத்தில்.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

கோமு அங்கேதான் உட்காருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு. ஒன்பது வயதுத் தங்கை காய்ச்சலில் போய் நான்கு வருடமாகிறது. வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. அம்மாவுக்கு ஆறிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேமராவை எடுத்துக்கொண்டு அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"யம்மா, அந்தப் பக்கம் பாக்காம சுத்து."

"நான் எங்கட்டி பாக்கேன்?"

அம்மா பார்க்கவில்லை. ஆனால் இலை கிழிந்தது. நூல் அறுந்தது. கிழிந்த இலையை அம்மா கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், என்ன செய்வதென்று தெரியாதவள் போல. இருபத்தைந்து வருடமாகச் சுற்றுகிற கை.

"சரிம்மா, விடு."

அவள் எழுந்து ஜன்னலுக்குக் கீழே போனாள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கேமராவை முகத்துக்கு நேரே பிடித்துப் பதிவை ஓடவிட்டாள்.

அம்மா நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள்.

கை தானாக ஓடத் தொடங்கியது. அம்மாவின் முகத்தை இவ்வளவு இளக்கமாக அவள் எந்தக் காட்சியிலும் பிடித்ததில்லை. மேடத்துக்கு இது பிடிக்கும். அசையாமல் இருந்தாள்.

"ஒம்பதாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்."

கையை நிறுத்தாமல், சாதாரணமாகத்தான் அம்மா சொன்னாள்.

அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பின்னால் சுவர்தான்.

"சொல்லுட்டி."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். வந்த குரல் தன்னுடையதைவிட மெலிதாக இருந்தது.

"ஓரொம்போது ஒம்போது. ஈரொம்போது பதினெட்டு. மூவொம்போது இருவத்தேழு..."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே சுற்றினாள். தட்டில் பீடிகள் விழுந்தன.

ஏழொம்போதில் கோமு எப்போதும் சறுக்குவாள்.

"ஏழொம்போது... அறுவத்திநாலு."

"மூணு." அம்மா சிரித்தாள். "தெனமும் இதே தப்பு ஒனக்கு."

அவள் கேமராவை அணைத்துத் தரையில் வைத்தாள். முகத்தை மறைக்க இப்போது எதுவும் இல்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல சொல்லு."