சுண்ணாம்புக் கோட்டில் வராத அறை

பூமி பூஜை முடிந்த கையோடு மேஸ்திரி இருதயராஜ் சுண்ணாம்புப் பொடியால் மனையில் கோடு போட்டார். போட்டு முடித்தபோது ஓர் அறை குறைந்தது.

“நகராட்சி கொடுத்த பிளான்ல இவ்வளவுதாம்மா இருக்கு.”

வேதநாயகி வரைபடத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். விண்ணப்பித்த மறுநாளே அனுமதி வந்த பூரிப்பில், அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாடி ஏற முடியாத கணவர் தணிகாசலத்துக்காகக் கேட்ட கீழறையைத்தான் காணோம்.

நகராட்சிக்குப் போன் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

“பிளானைப் பார்த்து அனுமதி கொடுக்கிற கம்ப்யூட்டர் சிஸ்டமே அந்த ரூமை எடுத்திருக்கு மேடம்,” என்றார் திட்டப் பிரிவு அலுவலர். “தேவையில்லாத ரூமுக்கு அனுமதி கொடுத்தா எங்க நகராட்சிக்கு மார்க் குறையும்.”

“தேவையில்லையா? இவரால படியேற முடியாது சார்!”

“ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் பார்த்துட்டுதான் அது முடிவு பண்ணும். வீடு முடியறப்போ அந்த ரூமுக்கு ஆள் இருக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கு.”

வேதநாயகிக்கு ஒரு நொடி எதுவுமே விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினாள்.

“கால் நரம்புன்னுதானே டாக்டர் சொன்னாரு? நான் அப்பீல் பண்றேன்!”

“ரூம்ல தங்கப்போறவர்தான் அப்பீல் பண்ணணும். விசாரணை தை மாசம்தான் வரும்.” அலுவலரின் குரல் தாழ்ந்தது. “அப்பீல் நிலுவையில இருந்தாலும் மார்க் போயிடும் மேடம். அதனால, ‘மனுதாரர் வரமாட்டார்’னு, போடப்போற அப்பீலையும் சிஸ்டம் இப்பவே முடிச்சு வெச்சிருச்சு.”



தணிகாசலம் கையை உயர்த்தி மனைவியை அமர்த்தினார்.

“எந்த மாசம்னு போட்டிருக்கான்னு கேளு.”

ஸ்பீக்கரில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.