அப்பாவின் பட்டை

“அப்ப இத்தனை மாசமா என் இடுப்புல உதைச்சது யாரு, சிஸ்டர்?”

“வேற யாரோ பெத்துக்கப்போற பிள்ளை, தம்பி. உங்க பட்டையில வேற ஒரு தாயோட நம்பரை மாத்திப் பதிஞ்சிருக்காங்க. அதான் உதவித்தொகை நின்னுபோச்சு. கழட்டிக் குடுங்க, சரி பண்ணிடுறேன்.”

தாயின் வயிற்றில் குழந்தை உதைத்தால், அரசு தந்தைக்குக் கொடுக்கும் இடுப்புப் பட்டையும் அதே நேரம் உதைக்கும். அதைக் கட்டிக்கொள்ளும் தந்தையின் வீட்டுக்குத்தான் மகப்பேறு உதவித்தொகை. பிரதீபன் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றியதில்லை. தான் டீ குடித்தால் பிள்ளை உதைக்கிறது என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

“எனக்கு அசையாதப்ப உங்களுக்கு மட்டும் எப்படிங்க அசையுதுன்னு அன்னைக்கே கேட்டேன். அப்பாவத்தான் அதுக்குப் பிடிக்கும்னு சிரிச்சீங்க” என்றாள் மனைவி மகிழ்மதி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே குழந்தை புரண்டது. கூட்டமான பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் இடித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது அவனுக்கு.

நர்ஸ் பட்டைக்காகக் கையை நீட்டினார். பிரதீபன் கொக்கியைப் பிடித்தபடி நின்றான்.

“இன்னும் ஒரே ஒரு தடவை உதைக்கட்டும், சிஸ்டர். அதுவரைக்கும் பொறுத்துக்கிறீங்களா?”